பொட்டுத் தோடு

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு இன்னும் நாற்பதாகவில்லை. சீடர் குருவை “டீச்சர்” என்பார். குரு சீடரை “சார்” என்பார். திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. யார் யாருக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பது புதிதாக வேலைக்கு வரும் நர்சுகளுக்கு லேசில் பிடிபடாது.

சீடர் பெயர் ஞானதுரை. காது மூக்கு தொண்டை டாக்டர், கைராசிக்காரர். அவர் கையால்தான் டான்சில் எடுக்கவேண்டும் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது அவருக்கும் தெரியும். நடையிலேயே தெரியும்.

குரு பெயர் மங்கையர்க்கரசி. எல்லாருக்கும் அரசி டாக்டர். ரத்த நோய்கள் பற்றிப் படித்தவர். சிலருக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாது. தாய் வழியாகவோ தகப்பன் வழியாகவோ பரம்பரையாக வருவது. பார்த்தால் தெரியாது, ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். கத்தி பட்ட பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? அப்படிப்பட்டவர்களைக் கத்தி படுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது அரசி டாக்டரின் வேலை.

அதற்கு அவர் வைத்திருந்த பெரிய கருவி ஒரு ஸ்டூல். அதை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரென்றால் எழுந்திருக்க மாட்டார். ஊர் எது, எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்று ஊர்க்கதையெல்லாம் நடக்கும்.

“ஆபரேஷனுக்கு ஆள் கேட்டா, சம்பந்தம் பேசப் போனவங்க மாதிரி உக்காந்திருக்காங்க” என்று ஞானதுரை ஒரு காலத்தில் கேலி பேசிக்கொண்டு திரிந்தவர்தான்.

பிறகு ஒரு நாள் ஒருவருக்கு மூக்குத் தண்டைச் சரிசெய்தார். சின்ன வேலை. முன்கூட்டி எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்து அடைத்துப் பார்த்தார், தையல் போட்டுப் பார்த்தார், கர்த்தரையும் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் அரசி டாக்டர் வந்து வேண்டியதைச் செலுத்தி நிறுத்தினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். ஞானதுரைதான் பாதி செத்துப்போனார்.

மறுநாள் அவர் அரசி டாக்டரின் அறை வாசலில் போய் நின்றார்.

“எனக்குக் கத்துக்குடுங்க.”

“என்ன சார் இது. நீங்க எவ்வளவு பெரியவங்க.”

“வயசுல பெரியவன். அது தானா வந்தது.”

அரசி எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். ஞானதுரை உட்காரவில்லை. கைவசம் ஒரு கேள்வியோடு வந்திருந்தார்.

“நீங்க அரை மணி நேரம் பேசுதீங்க. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரே ஒரு கேள்வி சொல்லுங்க. அதைக் கேட்டா இந்த வியாதிக்காரங்க ஒருத்தரும் தப்பக் கூடாது. அது என்ன கேள்வி?”

அரசி கொஞ்சம் யோசித்தார்.

“சார், நீங்க குறட்டை விடுவீங்களா?”

“நானா? கிடையாது.”

“நிச்சயமா?”

“தொண்டை டாக்டர்கிட்ட கேக்கீங்க. எனக்குத் தெரியாதா?”

“உங்க போனைக் கொஞ்சம் குடுங்க.”

அரசி ஞானதுரையின் வீட்டுக்குப் பேசினார். சத்தம் வெளியே கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி ரோஸ்லின்.

“அக்கா, நான் அரசி பேசறேன். ஒரு சந்தேகம். சார் குறட்டை விடுவாரா?”

“ஏன் டாக்டர்,” என்றார் ரோஸ்லின், “ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருச்சா?”

வாசலில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஞானதுரை போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அசடு வழிந்தாலும் ஆள் புத்திசாலி. பாடம் அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஆக, அவனவன் உடம்பைப் பத்தி அவனவனுக்கே தெரியாது. வீட்டாளுங்ககிட்ட கேக்கணும். அப்படித்தானே டீச்சர்?”

அரசி சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றுதான் முதன்முதலில் ஞானதுரை வாயிலிருந்து “டீச்சர்” வந்தது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து ஞானதுரை வந்தவர்களை ஒரு வழி பண்ணிவிட்டார். பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் அம்மா வரவேண்டும், அப்பா வரவேண்டும், முடிந்தால் பெரியப்பா வரவேண்டும். யாருக்கு எப்போது பல் பிடுங்கினார்கள், ரத்தம் எவ்வளவு நேரம் வந்தது, பிரசவத்தில் என்ன ஆயிற்று என்று ஒருவர் விடாமல் பிடித்துக் கேட்டார். வரிசையில் காத்திருந்தவர்கள், உள்ளே ஏதோ பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து நடக்கிறது என்றே நினைத்தார்கள்.

அப்படி இருக்கையில்தான் இசக்கி வந்தாள்.

இசக்கிக்கு எட்டு வயசு. வாயை மூடாத பிள்ளை. பேச்சு ஓய்ந்தாலும் வாய் மூடாது, ஏனென்றால் மூச்சே வாய் வழியாகத்தான். தொண்டைக்குள் இரண்டு பக்க டான்சில் சதையும் வீங்கி ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு அடைத்துவிடும். அவள் அம்மா வடிவு பல மாதங்களாகப் பிள்ளையை மடியில் சாய்த்து உட்கார வைத்தே தூங்கப் பண்ணியிருந்தாள். வடிவு தூங்கினாளா என்று யாரும் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

“சதையை எடுத்திரணும்மா,” என்றார் ஞானதுரை. “இனியும் தள்ளிப்போட முடியாது. மூச்சு இப்படி விட்டு விட்டு வந்தா நெஞ்சுக்கும் ஆகாது.”

“எடுத்திருங்க டாக்டர். அதுக்குத்தான் வந்திருக்கோம். ஆனா ஒரு விசயம் சொல்லணும். எங்க அம்மனுக்கு ரத்தம் ஆகாது. அதனால பூக்கட்டிப் பாத்துட்டுதான்...”

“நல்ல நாள் நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. எனக்கு எந்த நாளும் சம்மதம். இப்ப நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க.”

வடிவு வாயை மூடிக்கொண்டாள். ஞானதுரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“பிள்ளைக்கு அடிபட்டு ரத்தம் நிக்காம வந்திருக்கா?”

“இல்ல டாக்டர். நாங்க பொத்திப் பொத்தி வளக்கோம்.”

“பல்லு விழுந்தப்போ?”

“அது பால்பல்லுதான, தானா விழுந்துச்சு.”

“காது குத்தும்போது ரத்தம் ரொம்ப வந்துச்சா?”

“இல்ல.”

“உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் பண்ணி, ரத்தம் நிக்காம கஷ்டப்பட்டிருக்காங்களா?”

“எங்க ஆளுகள்ல அப்படி யாரும் இல்ல.”

“பல்லு புடுங்கி?”

“இல்ல டாக்டர்.”

அப்பா வெளியூரில் வேலையில் இருந்ததால் துணைக்கு வந்திருந்த தாய்மாமன் ஐயாக்குட்டியையும் ஞானதுரை விடவில்லை. அவர் நெஞ்சு வரைக்கும் தாடி வைத்த மனிதர். அக்கா சொன்ன ஒவ்வொரு “இல்ல”வுக்கும் தாடியை ஆட்டி ஆமோதித்தார். இசக்கியும் சேர்ந்து தலையாட்டினாள். ஞானதுரை அவள் தொண்டையைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், இரண்டு காதுக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் வந்தது. எல்லாம் சரி. மறுநாள் காலை ஆபரேஷன் என்று முடிவானது.

வாயெல்லாம் பல்லாக அவர் அரசி டாக்டரின் அறைக்குப் போனார். டீச்சர் மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“டீச்சர், இன்னைக்கு எனக்கு முழு மார்க் போடணும். பிள்ளைகிட்ட கேட்டேன், தாய்கிட்ட கேட்டேன், மாமன்கிட்டயும் கேட்டேன். எல்லாத்துக்கும் ‘இல்ல’தான். தங்கமான குடும்பம்.”

“ஒண்ணுக்குக்கூட ‘ஆமா’ வரலையா?”

“ஒண்ணுக்கும் வரல.”

“விழுந்து முட்டி பேந்து, ரத்தம் வந்துச்சுன்னு...”

“அதுவும் இல்ல.”

அரசி டப்பாவை மூடினார்.

“எங்க வீட்டுல தேங்கா உடைக்கப் போனாலே ஒருத்தருக்காவது ரத்தம் வந்திரும் சார்,” என்றார். “வாங்க, அந்தத் தங்கமான குடும்பத்தைப் பாத்துட்டு வருவோம்.”

“சாப்பிட்டுட்டுப் போகலாமே.”

“சாப்பாடு எங்கயும் போகாது.”

வார்டில் இசக்கி கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆபரேஷன் முடிந்ததும் ஐஸ்கிரீம் தருவார்கள் என்பது உண்மையா என்று நர்சை விசாரித்துக்கொண்டிருந்தாள். அரசி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் தோடு அழகா இருக்கே. சிவப்புக்கல்லா?”

இசக்கிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வலது காதில் இருந்த தோட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். எடுத்து, அரசி டாக்டரின் கன்னத்தில் ஒட்டினாள்.

“இது தோடு இல்ல. பொட்டு.”

ஸ்டிக்கர் பொட்டு. ஜிகினா வைத்த சிவப்புப் பொட்டு. அது இருந்த இடத்தில் காதுமடல் வழுவழுவென்று இருந்தது. துவாரம் இல்லை. இடது காதிலும் இல்லை.

அன்று காலையில் ஞானதுரை அந்தக் காதைத்தான் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்து, உள்ளே செவிப்பறை வரைக்கும் ஆராய்ந்திருந்தார். பொட்டு அவருடைய கட்டைவிரலுக்கடியிலேயே இருந்திருக்கும்.

“சார்,” என்றார் அரசி, கன்னத்தில் பொட்டோடு. “நீங்க காது டாக்டர்தானே?”

ஞானதுரை முகத்தில் ஈயாடவில்லை. வடிவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளைக்குக் காதே குத்தலையா?”

“இல்ல டாக்டர்.”

“காது குத்தும்போது ரத்தம் வந்துச்சான்னு கேட்டேன். இல்லன்னு சொன்னீங்களே.”

“வரலைல்லா. குத்தவே இல்ல, எப்படி வரும்? நான் பொய்யா சொன்னேன்?”

பொய் இல்லைதான். ஞானதுரை பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அதில் ஆளில்லை.

“ஏன் குத்தல?”

“அதைத்தான காலையிலயே சொல்ல வந்தேன். எங்க அம்மனுக்கு ரத்தம் ஆகாதுன்னு. நீங்க நாள் பாக்கச் சொல்லிட்டீங்க.”

ஐயாக்குட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். இது அவர் பேசவேண்டிய இடம்.

“எங்க குலசாமி உத்தரவு டாக்டர். எங்க அம்மா வழி ஆளுக மேல இரும்பு படக்கூடாது. காதுகுத்து வச்சா, ஈரமண்ணுல பொம்மை செய்வோம். மாமன் மடியில பிள்ளைய உக்கார வச்சு, பிள்ளை மடியில பொம்மைய வச்சு, பொம்மை காதுல முள்ளால குத்துவோம். இவளுக்கு நான்தான் குத்தினேன். அம்மனுக்குக் கெடா வெட்டு கிடையாது, சர்க்கரைப் பொங்கல்தான்.”

“பொம்மைக்கு ஜிமிக்கி போட்டாங்க,” என்றாள் இசக்கி. “எனக்கு இல்ல.” அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது.

“பல்லு புடுங்கறது?” என்று கேட்டார் ஞானதுரை. குரல் இறங்கியிருந்தது.

“புடுங்க மாட்டோம். வலிச்சா கிராம்பு வச்சுக் கடிச்சுக்கிடுவோம். தானா விழணும்.”

“ஆபரேஷன்?”

“கத்திப் பக்கமே போக மாட்டோம். இந்தப் பிள்ளைதான் முதல்.”

“உங்க தாடி?”

“சவரக்கத்தி ஆகாதுல்லா,” என்றார் ஐயாக்குட்டி, தாடியைத் தடவிக்கொண்டு. “எங்க ஆம்பளைக எல்லாம் இப்படித்தான். கல்யாண போட்டோவுல யாரு மாப்பிள்ளைன்னு மாலைய வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.”

அரசி வடிவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஆண்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஐயாக்குட்டி புரிந்துகொண்டு வெளியே போனார். ஞானதுரை ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

“மாசாமாசம் உங்களுக்கு எப்படிம்மா?”

“எல்லாருக்கும் மாதிரிதான்.”

“எல்லாருக்கும்னா?”

“ஒரு பத்து நாளு. நடுவுல ரெண்டு நாளு எந்திரிக்கவே முடியாது. எங்க அக்காளுக்கும் அப்படித்தான், சித்திக்கும் அப்படித்தான். பொம்பளைன்னா அப்படித்தான?”

“சித்தி நல்லா இருக்காங்களா?”

“இல்ல. பிள்ளை பெத்து ஒரு வாரத்துல போய்ச் சேந்துட்டா. ரத்தம் நிக்கல. அம்மன் கோவம்னு சொன்னாக.”

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த ஞானதுரை பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். டான்சில் எடுத்த இடத்தில் தையல் கிடையாது. திறந்த புண். ரத்தம் நிற்காவிட்டால் அது நேரே தொண்டைக்குள்தான் இறங்கும். எட்டு வயசுப் பிள்ளையின் உடம்பில் எவ்வளவு ரத்தம்தான் இருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

“நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்,” என்றார்.

இதைக் கேட்டதும் வடிவு எழுந்து நின்றுவிட்டாள். அதுவரை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவள்.

“வேண்டாமா? பிள்ளை படுத்துத் தூங்கி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? கத்தி வைக்கலாமா கூடாதான்னு பயந்து பயந்து, கடைசியில அம்மன் வாசல்ல சிவப்பும் வெள்ளையுமா பூக்கட்டிப் போட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சு. சாமியே சரின்னுட்டா. இப்ப நீங்க மாட்டேங்கீங்க.”

“அம்மா, மாட்டேன்னு சொல்லல. கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுதேன்.” ஞானதுரை அவள் முன்னால் வந்து நின்றார். “காலையில நீங்க சொல்ல வந்தீங்க. நான் கேக்கல. தப்பு என்னோடது. கேக்காம கத்திய எடுத்திருந்தா உங்க பிள்ளைய நான் கொன்னிருப்பேன்.”

ஒரு டாக்டர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வடிவு கேட்டதில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

“ஐஸ்கிரீம் நாளைக்கு உண்டா, கிடையாதா?” என்று கேட்டாள் இசக்கி. அவளுக்கு அவள் கவலை.

தாய்க்கும் மகளுக்கும் வேறு விதமான ரத்தப் பரிசோதனை எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் அவள் கொஞ்சம் தூங்கினாள். வடிவும் தூங்கினாள். ஞானதுரைக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் வந்தது. ரத்தக்குழாயில் காயம் பட்டால் அந்த இடத்தை ஒட்டி அடைக்க ரத்தத்திலேயே ஒரு பொருள் உண்டு. அது இசக்கிக்கு ரொம்பக் குறைவு. வடிவுக்கும் குறைவு. சாதாரணப் பரிசோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது. அகப்பட்டால் பயமில்லை, மருந்து இருக்கிறது. இல்லாததை ஊசி வழியாகக் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம்.

மருந்தை வரவழைத்தார்கள். ஆபரேஷன் அன்று அரசி டாக்டரும் தியேட்டருக்குள் வந்து நின்றார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்த வேலைதான். அன்றைக்கு ஞானதுரை பாட்டு முணுமுணுக்கவில்லை, நர்சைக் கேலி செய்யவில்லை. ஒரு பக்கத்துச் சதையை எடுத்துவிட்டுப் பார்த்தார். பஞ்சால் அழுத்திவிட்டுப் பார்த்தார். மற்றப் பக்கத்தையும் எடுத்துவிட்டு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் நின்றுவிட்டது.

“நிக்குது டீச்சர்,” என்றார்.

டான்சில் புண் ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பொருக்கு உதிரும் நேரத்தில் மறுபடியும் ரத்தம் வரக்கூடும் என்பதால், மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிக்கு ராஜயோகம். வெண்ணிலா, ஸ்ட்ராபெரி, பிஸ்தா என்று ஒன்று விடவில்லை. ஞானதுரை தன் செலவில் வாங்கி வந்து, அவள் முழுங்குகிறாளா என்று வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஸ்டூலில் என்று சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்குப் புறப்படும் நாள். இசக்கி வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டுக் காண்பித்தாள். அதை எல்லாருக்கும் காண்பித்தாள், பக்கத்து வார்டுக்கும் போய்க் காண்பித்தாள். திரும்பி வந்து அரசி டாக்டரிடம் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“இப்பதான் மருந்து இருக்குல்லா. எனக்குக் காது குத்தலாமா?”

ஐயாக்குட்டி திடுக்கிட்டு அக்காளைப் பார்த்தார். அக்காள் டாக்டரைப் பார்த்தாள்.

“குத்தலாம்,” என்றார் அரசி. “ஊசி போட்டுட்டு, இங்க வந்து, மாமா மடியிலயே உக்காந்து குத்தலாம். ஆனா வீட்டுல பேசி முடிவு பண்ணணும். உங்க அம்மன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.”

ஐயாக்குட்டி தாடிக்குள் விரலை விட்டுக் கோதிக்கொண்டே இருந்தார். ஏதோ மனதில் உறுத்தியது.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். அப்போ இது வியாதிதானா? எங்க அம்மன் உத்தரவுன்னு நாங்க இவ்வளவு காலமா நினைச்சுட்டிருந்தது?”

“உத்தரவு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன. ஒவ்வொரு கோயில் கொடைக்கும் எங்க பூசாரி சொல்லுவாரே.” ஐயாக்குட்டி கை கட்டி நின்றுகொண்டு சொன்னார். “எங்க வம்சத்துல ஒரு தாய். தலைப்பிள்ளைக்குக் காது குத்தினாக. ரத்தம் நிக்கல, பிள்ளை போயிருச்சு. அடுத்த பிள்ளைக்கும் ஊர்கூடிக் காது குத்தினாக. அதுவும் போயிருச்சு. மூணாவது பிள்ளையத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போனாக. மாமன் ஊசிய எடுக்கான். அந்த நேரம் அந்தத் தாய் மேல அம்மன் இறங்கிட்டா. தலைய விரிச்சுப் போட்டு ஆடினா. ‘எனக்கு ரத்தம் ஆகாது, என் பிள்ளைக மேல இரும்பு படக்கூடாது, பட்டா வம்சத்தை அழிச்சிருவேன்’னு உத்தரவு குடுத்தா. ஊரே கால்ல விழுந்துச்சு. அந்த மூணாவது பிள்ளையோட வழிதான் நாங்க எல்லாரும்.”

“அப்போ அந்த உத்தரவு இல்லேன்னா நீங்க யாரும் இல்ல,” என்றார் அரசி.

“ஆமா.”

“நல்ல உத்தரவுதான். கையெடுத்துக் கும்பிடுங்க. சர்க்கரைப் பொங்கல் வச்சா எங்களுக்கும் குடுத்துவிடுங்க.”

ஐயாக்குட்டிக்கு மனபாரம் இறங்கியது. வடிவு இரண்டு டாக்டர்களின் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இசக்கி மாமன் தோளில் ஏறிக்கொண்டு, ஒரு கையால் தாடியைக் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வாசல் தாண்டும் வரைக்கும் கையாட்டிக்கொண்டே போனாள்.

ஞானதுரை அவர்கள் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், எனக்கு ஒண்ணு தோணுது. அன்னைக்குச் சாமி இறங்கல. ரெண்டு பிள்ளைய வாரிக் குடுத்தவளுக்குத் தன் பிள்ளைகளோட ரத்தம் உறையாதுன்னு தெரிஞ்சுபோச்சு. நாம புத்தகத்துல படிச்சதை அவ அப்பவே கண்டுபிடிச்சுட்டா.”

“இருக்கலாம் சார்.”

“ஆனா ஒண்ணுதான் புரியல. அவ்வளவு தெரிஞ்சவ, ‘என் பிள்ளைக்குக் காது குத்தாதீங்க, ரத்தம் நிக்காது’ன்னு நேரா சொல்லியிருக்கலாம்லா. எதுக்கு அம்மனைக் கூப்பிட்டா?”

அரசி ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நடந்தார்.

“ரெண்டாவது பிள்ளைக்கு நேராத்தான் சொல்லிப் பாத்திருப்பா, சார்.”